அயர்ன் கடைன்னா கௌரவக் குறைச்சல், லாண்டரி ஸ்டார்ட்அப்னா கெத்தா? சேலம், நாமக்கல்லில் சலவைத் தொழில்: ஒரு முழு விளக்கம்

"அயர்ன் கடை வைக்கப் போறேன்" என்று பி.இ. முடித்த ஒருவர் வீட்டில் சொன்னால் என்ன நடக்கும்? கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டாங்க. அதே ஆள் "லாண்டரி ஃபிரான்சைஸ் எடுக்கப் போறேன், ஆப்ல புக்கிங், வீட்டுக்கே வந்து பிக்அப்" என்று சொன்னால்? "எவ்வளவு முதல் போடணும்?" என்று அப்பாவே கேட்பார்.

ரெண்டும் ஒரே வேலைதான். அழுக்குத் துணி உள்ளே வரும், சுத்தமான துணி வெளியே போகும். பெயரும் போர்டும்தான் வேற. அப்படின்னா, சலவை ஒரு கரியரா? யாருக்கு? எவ்வளவு வரும்? உடம்பு தாங்குமா? காலம் காலமாக இந்த வேலையைச் செய்து வரும் குடும்பங்களுக்கு இதில் என்ன இடம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

துணி கொடுக்கிறவங்க யார்?

முதலில் சந்தை. சேலமும் நாமக்கல்லும் 1997 வரை ஒரே மாவட்டம். இப்போது இரண்டாகப் பிரிந்தாலும் தொழில் விஷயத்தில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. சலவைக்காரர் கண்ணில் இந்த ஊர்களைப் பார்த்தால் நாலு விதமான வாடிக்கையாளர்கள் தெரிவார்கள்.

ஒன்று, வீடுகள். ஃபேர்லேண்ட்ஸ், அஸ்தம்பட்டி மாதிரி பகுதிகளில் கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் வாஷிங் மெஷின் இருக்கும், பெட்டி போட நேரம் இருக்காது. ரெண்டு, ஹாஸ்டல்கள். ராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல் பக்கம் உறைவிடப் பள்ளிகளும் பொறியியல் கல்லூரிகளும் வரிசையாக இருக்கின்றன. மூணு, மருத்துவமனைகளும் ஓட்டல்களும். சேலம் நகர மருத்துவமனைகளில் தொடங்கி ஏற்காடு விடுதிகள் வரை பெட்ஷீட், டவல், தலையணை உறை தினமும் மாற வேண்டும். பனிமூட்டம் இறங்கும் நாள்களில் மலை மேல் துணி காயாது. அடிவாரத்தில் டிரையர் வைத்திருப்பவருக்கு அதுவே வாய்ப்பு.

நாலாவது, பட்டு. சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. இளம்பிள்ளை சேலைச் சந்தை ஊரறிந்தது. கல்யாண சீசன் முடிந்தால் குழம்புக் கறையோடும் வியர்வையோடும் பட்டுச் சேலைகள் கடைக்கு வரும். ஒரு சட்டையில் கறை போகாவிட்டால் வாடிக்கையாளர் முணுமுணுப்பார். முகூர்த்தப் பட்டு வீணானால் சண்டைக்கே வந்துவிடுவார். அதனால்தான் பட்டுக்குக் கூலி அதிகம், அதே அளவுக்கு ரிஸ்க்கும் அதிகம்.

நாலு விஷயம் தெரிந்தால் சலவை புரியும்

1959-ல் ஜெர்மனியின் ஹென்கெல் நிறுவனத்தில் வேலை பார்த்த ஹெர்பர்ட் சின்னர் என்ற வேதியியலாளர் ஒரு எளிய வட்டம் போட்டுக் காட்டினார். அழுக்குப் போக நாலு விஷயம் வேண்டும்: ரசாயனம், சூடு, நேரம், அடித்துக் கசக்கும் விசை. ஒன்றைக் குறைத்தால் இன்னொன்றைக் கூட்டித்தான் ஈடுகட்ட வேண்டும். தண்ணீர் சூடாக இல்லையா? அதிக நேரம் ஊறவிடணும். கசக்கினால் கிழியும் துணியா? ரசாயனத்தைச் சரியாகத் தேர்ந்தெடுக்கணும். இன்றைக்கு உலகம் முழுக்கத் தொழில்முறை சலவைக் கூடங்களில் 'சின்னர் வட்டம்' என்ற பெயரில் சொல்லித் தருவது இதைத்தான்.

இப்போ நம்ம ஊர் வெள்ளாவியை நினைச்சுப் பாருங்க. உவர் மண் கரைத்த தண்ணீரில் துணியை நனைத்து, அடுப்பில் தண்ணீர்ப் பானை வைத்து, அதன் மேல் துணிகளை அடுக்கி, நீராவியில் மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். உவர் மண்ணில் இருப்பது காரம், அதாவது ரசாயனம். நீராவி சூடு. ராத்திரி முழுக்க நேரம். காலையில் துறையில், கல்லில் அடிப்பது விசை. வட்டத்தின் நாலு பங்கும் அங்கே இருக்கு. சின்னர் காகிதத்தில் போட்டதை நம்ம ஊர் சலவைக் குடும்பங்கள் பல தலைமுறைக்கு முன்பே கையில் வைத்திருந்தன.

துணியில் போடும் குறியும் அப்படித்தான். யார் வீட்டுத் துணி எது என்று தெரிய, சேங்கொட்டைச் சாற்றில் ஒரு புள்ளி, ஒரு கோடு. எத்தனை முறை துவைத்தாலும் அழியாது. ஆங்கிலத்தில் அந்தக் கொட்டைக்குப் பெயரே 'மார்க்கிங் நட்'. இன்றைய லாண்டரியில் அதே வேலையை பார்கோடு டேக் செய்கிறது.

கறைக்கும் தனிப் படிப்பு உண்டு. ரத்தக் கறையில் சுடுதண்ணீர் பட்டால் அதில் இருக்கும் புரதம் இறுகி நூலோடு ஒட்டிக்கொள்ளும். குளிர்ந்த தண்ணீர்தான் சரி. மஞ்சள் கறையில் சோப்பு போட்டதும் சிவப்பாக மாறும். பயப்பட வேண்டாம், மஞ்சளில் இருக்கும் குர்குமின் காரத்தோடு சேர்ந்தால் அப்படித்தான் நிறம் மாறும். வெயிலில் காயப்போட்டால் மஞ்சள் மங்கிவிடும். பட்டும் கம்பளியும் நம்ம தலைமுடி மாதிரி புரத நார்கள். குளோரின் பிளீச்சை ஊற்றினால் நார் அரித்தே போய்விடும். பருத்திக்கு அந்த பயம் குறைவு. ஆனால் அமிலம் பட்டால் பருத்தி பலவீனமாகும். இதெல்லாம் தெரியாமல் மெஷின் மட்டும் வாங்கி வைத்தால் முதல் மாதமே நஷ்டஈடு கொடுக்க வேண்டி வரும்.

டிரை கிளீனிங்கில் 'டிரை' எங்கே?

உண்மையில் எதுவும் டிரை இல்லை. துணி நனையும், ஆனால் தண்ணீரில் இல்லை, கரைப்பானில். எண்ணெய்ப் பசை தண்ணீரில் கரையாது, கரைப்பானில் கரையும். பட்டு நார் தண்ணீரை உறிஞ்சி உப்பும், சாயம் இறங்கும். கரைப்பானில் அந்தப் பிரச்சினை குறைவு. மெஷினுக்குள் துணி சுற்றி முடிந்ததும் கரைப்பானைப் பிரித்தெடுத்து, காய்ச்சி வடித்து, மறுபடி பயன்படுத்துவார்கள்.

இதற்கு வரலாறு இருக்கு. நியூயார்க்கில் தையற்கடை வைத்திருந்த தாமஸ் ஜென்னிங்ஸ், 1821-ல் 'உலர் சலவை' முறை ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முதல் கறுப்பினத்தவர் என்று அறியப்படுபவர் அவர்தான்.

நம்ம ஊரில் 'பெட்ரோல் வாஷ்' என்று சொல்வதும் இதே குடும்பம்தான். பல கடைகளில் மினரல் டர்பன்டைன் எனப்படும் பெட்ரோலியக் கரைப்பான் பயன்படுகிறது. பெரிய மெஷின்களில் பெர்குளோரோஎத்திலீன், சுருக்கமாகப் 'பெர்க்'. முதலாவது தீப்பிடிக்கும். இரண்டாவது தீப்பிடிக்காது, ஆனால் வேறு ஆபத்து இருக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம் என்ற 2ஏ பிரிவில் பெர்க்கை வைத்திருக்கிறது. டிரை கிளீனிங்கில் பெர்க்கை 10 ஆண்டுகளில் படிப்படியாக நிறுத்தும் விதியை அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2024 டிசம்பரில் அறிவித்தது.

புதிதாகத் தொழில் தொடங்குபவருக்கு இதில் பாடம் இருக்கு. யாராவது "சும்மா கிடக்கு, பாதி விலைக்குத் தர்றேன்" என்று பழைய பெர்க் மெஷினைக் காட்டினால் யோசிச்சு வாங்குங்க. ஹைட்ரோகார்பன் கரைப்பான், தண்ணீரையே கட்டுப்பாட்டோடு பயன்படுத்தும் வெட் கிளீனிங் என்று தொழில் வேறு பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறது. உங்க சட்டைக் காலருக்குள் இருக்கும் லேபிளைப் பாருங்க: வட்டத்துக்குள் 'பி' என்று இருந்தால் பெர்க்கில் போடலாம், 'எஃப்' என்றால் ஹைட்ரோகார்பன், 'டபிள்யூ' என்றால் வெட் கிளீனிங். அயர்ன் பாக்ஸ் படத்துக்குள் புள்ளி கூடக் கூடச் சூடு கூட்டலாம். இந்தக் குறிகளைச் சரியாகப் படிப்பதுதான் கவுன்ட்டரில் நிற்பவரின் முதல் தகுதி.

என்னென்ன வேலைகள் இருக்கு?

'சலவைக்காரர்' என்ற ஒரு சொல்லுக்குள் பல வேலைகள் இருக்கின்றன.

கவுன்ட்டர்: துணியை வாங்கும்போதே கறை, கிழிசல், காணாமல் போன பட்டன் எல்லாம் பார்த்து எழுதுபவர். பின்னால் வரும் பாதிச் சண்டைகளை இவரே தடுத்துவிடலாம்.

கறை எடுப்பவர்: தொழிலிலேயே அதிக அனுபவம் கேட்கும் இடம். எந்தக் கறை, எந்த நார், எந்த மருந்து என்று முடிவு செய்பவர்.

மெஷின் ஆபரேட்டர்: லோடு, சூடு, ரசாயன அளவு இவர் பொறுப்பு. நீராவி பாய்லர் வைத்த பெரிய கூடங்களில் சான்றிதழ் பெற்ற பாய்லர் அட்டெண்டன்ட்டும் வேண்டும்.

பிரஸ்மேன்: இஸ்திரி, ஸ்டீம் பிரஸ், சேலை ரோலிங். கை நிதானம்தான் இவர் முதலீடு.

மேற்பார்வையாளர்: ஓட்டல், மருத்துவமனை லினன் பிரிவுகளில் எண்ணிக்கை, ஷிஃப்ட், தரம் பார்ப்பவர். கேட்டரிங் கல்லூரிகளில் ஹவுஸ்கீப்பிங் பாடத்தில் லாண்டரியும் உண்டு. சேலத்தில் உள்ள இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தில் டிப்ளமோ படித்தவருக்கு நார், சாயம் பற்றிய அறிவு ஏற்கெனவே இருக்கும். அவர் லாண்டரி பக்கம் வந்தால் பாதி தூரம் கடந்தவர் மாதிரி.

மருத்துவமனை லினன் தனி உலகம். அங்கே துணி வெள்ளையாக இருந்தால் மட்டும் போதாது, கிருமி செத்திருக்கணும். பிரிட்டன் சுகாதாரத் துறை வழிகாட்டுதல்படி 65 டிகிரி செல்சியஸில் குறைந்தது 10 நிமிஷம், அல்லது 71 டிகிரியில் குறைந்தது 3 நிமிஷம் சூடு நிற்க வேண்டும். கலந்து சூடேற எடுக்கும் நேரம் இதற்கு மேல். இதை அளந்து, பதிவு செய்து, ஆடிட்டில் காட்டத் தெரிந்தவருக்கு ஆஸ்பத்திரி கான்ட்ராக்ட் பேசும்போது மதிப்பே வேற.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இது புரிவதற்கான உதாரணக் கணக்கு மட்டுமே. உங்க ஏரியா ரேட்டைப் போட்டு நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

ஒருவர் தனியாகப் பெட்டி போடுகிறார். ஒரு உருப்படிக்கு 5 நிமிஷம், கூலி 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 12 உருப்படி. 100 உருப்படி முடிக்க எட்டு மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டும். நாளுக்கு 1,000 ரூபாய், மாதம் 25 நாள் என்றால் 25,000 ரூபாய். இதில் கரி அல்லது கேஸ், இடத்துக்கு வாடகை, வண்டி பெட்ரோல் கழியும். மழை பெய்தால் வருமானம் இறங்கும். உடம்பு சரியில்லை என்றால் அன்றைக்குப் பூஜ்யம். கை எவ்வளவு ஓடுமோ அவ்வளவுதான் வருமானம்.

இப்போ ஹாஸ்டல். 500 பேர், ஒருவருக்கு வாரம் 3 கிலோ துணி. வாரம் 1,500 கிலோ. ஆறு நாள் வேலை என்றால் நாளுக்கு 250 கிலோ. 25 கிலோ மெஷின் ஒன்று, ஒரு லோடுக்கு ஒரு மணி நேரம் என்றால் தினம் 10 லோடு. ஒரு மெஷின், ரெண்டு ஷிஃப்ட், மூணு நாலு பேருக்கு வேலை. இங்கே வருமானத்தை முடிவு செய்வது கை வேகம் இல்லை. மெஷின் சும்மா நிற்காமல் ஓடுகிறதா என்பதுதான்.

ஆனால் தண்ணீர்? கிலோவுக்கு 10 லிட்டர் என்று வைத்தாலே தினம் 2,500 லிட்டர். கோடையில் போர்வெல் கை கொடுக்குமா? கழிவுநீரை எங்கே விடுவீங்க? திருமணிமுத்தாறு என்ன பாடுபடுகிறது என்று சேலத்துக்காரர்களுக்குத் தெரியும். குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் சாயக்கழிவு பற்றி எழும் புகார்களும் புதிதல்ல. 1974-ம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி தொழிற்கழிவு நீரை வெளியேற்ற மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும். உங்க யூனிட் அளவுக்கு என்ன விதி என்று இடத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டுவிடுங்க.

கூடவே இன்னொன்று. கான்ட்ராக்ட் வேலையில் பணம் 30, 60 நாள் தள்ளித்தான் வரும். அதுவரை கரண்ட் பில்லும் சம்பளமும் உங்க கையில் இருந்து போகணும். ஆர்டர் இருந்தும் இந்த இடைவெளியைத் தாங்க முடியாமல் கடை மூட வேண்டி வரலாம்.

உடம்பு என்ன ஆகும்?

நாள் முழுக்க நின்றால் முழங்கால், இடுப்பு, காலில் நரம்பு சுருட்டல். கரிப் பெட்டியின் கனத்தில் தோள்பட்டை, மணிக்கட்டு. சோடாவிலும் பிளீச்சிலும் கை வைத்தால் தோல் வெடிப்பு. கரிப் புகை நுரையீரலுக்கு. சேலத்து ஏப்ரல் வெயிலில் ஸ்டீம் பிரஸ் பக்கத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். மருத்துவமனைத் துணியில் மறந்துபோன ஊசி இருக்கலாம். அங்கே வேலைக்குச் சேர்பவர் ஹெபடைட்டிஸ்-பி தடுப்பூசி போடாமல் உள்ளே போகக் கூடாது.

கரிப் பெட்டிக்கு மாற்று தேடி தமிழ்நாட்டிலிருந்தே ஒரு குரல் உலக மேடைக்குப் போனது. திருவண்ணாமலையைச் சேர்ந்த பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர் சூரிய சக்தியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். 2021-ல் எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்றுக்கு வந்தார். அதே ஆண்டு கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் பேசினார். தமிழக அரசும் சலவைத் தொழிலாளர்களுக்குக் கொடுத்துவந்த பித்தளைத் தேய்ப்புப் பெட்டிக்குப் பதிலாக, கேஸில் இயங்கும் பெட்டி கொடுக்கத் தொடங்கியது.

பேசாமல் தாண்ட முடியாத விஷயம்

இந்தத் தொழிலில் சாதியைப் பேசாமல் கரியரை மட்டும் பேசினால் பாதி உண்மைதான் சொன்னதாகும்.

தமிழ்நாட்டில் துணி வெளுப்பது வண்ணார் சமூகத்தின் தலையில் பிறப்பிலேயே ஏற்றப்பட்ட வேலை. கொங்குப் பகுதியில் ஏகாலி என்றும் சொல்வார்கள். கிராமத்தில் கூலி காசாக இல்லை. அறுவடைக் களத்தில் தானியம், மாலையில் வீடு வீடாகச் சோறு. பெரியவரையே சின்னப் பையன் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். பட்டியல் சாதி மக்களுக்குத் துணி வெளுத்த புதிரை வண்ணார்களின் நிலை இன்னும் கீழே. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' நாவல் 1994-லேயே அந்த வாழ்க்கையைப் பேசியது. இன்று அரசுப் பட்டியலில் மாநிலத்தின் பெரும்பகுதியில் வண்ணார் மிகவும் பிற்படுத்தப்பட்டோர், புதிரை வண்ணார் பட்டியல் சாதியினர்.

அதனால் இந்தக் குடும்பங்களில் பலர் "என்னோட போகட்டும், என் பிள்ளை இந்தப் பெட்டியைத் தொடக் கூடாது" என்று நினைப்பதில் ஆச்சரியம் இல்லை. அது துணி மேல் வந்த வெறுப்பு இல்லை, அவமரியாதை மேல் வந்தது.

இன்னொரு பக்கம் பாருங்க. கல்யாணத்துக்கு முன் சேலையை மடிப்பெடுத்து, பெட்டி போட்டு, பெட்டிக்குள் அடுக்கித் தரும் ப்ரீ-ப்ளீட்டிங் இப்போ இன்ஸ்டாகிராமில் ஹிட். அதைச் செய்பவர் 'சேரி டிரேப்பிங் ஆர்ட்டிஸ்ட்'. திறமையான வேலை, கூலியும் நியாயம். ஆனால் அதே சேலையைத் தெருமுனை வண்டியில் தேய்ப்பவரிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுவோம். வேலையின் மதிப்பு வேலையில் மட்டும் இல்லை, செய்பவர் யார் என்று நாம் நினைப்பதிலும் இருக்கு.

மெஷின் வரும்போது இந்த வித்தியாசம் பெரிதாகும் ஆபத்து இருக்கு. முதலும் இடமும் உள்ளவர் பிராண்ட் கடை திறப்பார். கறை எடுக்கத் தெரிந்தவர் அதே கடையில் பின்னறையில் உருப்படிக் கூலிக்கு நிற்பார். அறிவு ஒருவரிடம், மெஷின் இன்னொருவரிடம்.

இது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்லை. 1880-களில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் இருந்த சுமார் 320 சலவைக் கடைகளில் 240 சீனர்களுடையவை. மரக் கட்டடத்தில் லாண்டரி நடத்த அனுமதி வேண்டும் என்று நகராட்சி விதி போட்டது. காகிதத்தில் எல்லோருக்கும் பொது. ஆனால் விண்ணப்பித்த சுமார் 200 சீனர்களுக்கும் மறுப்பு, மற்றவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் அனுமதி. 1886-ல் 'யிக் வோ எதிர் ஹாப்கின்ஸ்' வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பொதுவாகத் தெரியும் விதியைப் பாரபட்சமாக அமல்படுத்துவதும் பாரபட்சமே என்று தீர்ப்பு சொன்னது. விதி எல்லோருக்கும் ஒன்றுதான். லைசென்ஸும் லோனும் கடையும் யாருக்குக் கிடைக்கிறது என்பதே கேள்வி. நம்ம ஊர் பேங்க் மேனேஜர் முன்னால் உட்காரும் சலவைத் தொழிலாளிக்கும் இதே கேள்விதான்.

வழியே இல்லையா? இருக்கு. ஃபோர்ட் கொச்சியில் ஒரு தோபிகானா உண்டு. டச்சுக்காரர் காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து போன வண்ணார் குடும்பங்களின் வாரிசுகள் அங்கே வேலை செய்கிறார்கள். துவைக்கும் தொட்டிகள், காயப்போடும் மைதானம், தேய்க்கும் கூடம் எல்லாம் பொது. வேலையும் வாடிக்கையாளரும் அவரவருக்கு. தமிழ்நாட்டிலும் பல ஊர்களில் இப்படிப்பட்ட சலவைக்கூடங்கள் கட்டப்பட்டுள்ளன. கல் தொட்டி இருக்கும் இடத்தில் பொது மெஷினும் டிரையரும் வந்தால், ஒருத்தரால் வாங்க முடியாததைப் பத்துப் பேர் சேர்ந்து வாங்கலாம்.

அரசுத் திட்டங்கள்: எது யாருக்கு?

சலவைத் தொழிலாளர்கள் நல வாரியம்: அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான தமிழக அரசு வாரியங்களில் ஒன்று. 18 முதல் 60 வயது வரை பதியலாம், ஆன்லைனிலேயே முடியும். பிள்ளைகளின் படிப்பு, திருமணம், பிரசவம், கண் கண்ணாடி, விபத்து, இறப்பு உதவி, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் உண்டு. தெருவில் பெட்டி போடும் அக்காவிடமும் அண்ணனிடமும் "கார்டு இருக்கா?" என்று கேட்டுப் பாருங்க. இல்லை என்றால் போனில் பதிந்து கொடுங்க. உங்களுக்கு அரை மணி நேர வேலை.

பி.எம். விஸ்வகர்மா: 2023 செப்டம்பர் 17-ல் மத்திய அரசு தொடங்கியது. 18 தொழில்களில் துணி வெளுத்தலும் ஒன்று. 5 சதவீத வட்டியில் முதலில் 1 லட்சம், பிறகு 2 லட்சம் கடன். கருவிகளுக்கு 15,000 ரூபாய். குடும்பத் தொழில் என்ற நிபந்தனை குலத்தொழிலை நிலைநிறுத்தும் என்று எதிர்ப்புத் தெரிவித்த தமிழக அரசு, திட்டத்தை இப்போதைய வடிவில் செயல்படுத்த மாட்டோம் என்று 2024 நவம்பரில் மத்திய அமைச்சருக்குக் கடிதம் எழுதியது.

கலைஞர் கைவினைத் திட்டம்: அதற்கு மாற்றாக 2025 ஏப்ரலில் வந்தது. துணி வெளுத்தல், தேய்த்தல் உட்பட 25 தொழில்கள். சாதி, குடும்பத் தொழில் நிபந்தனை இல்லை. 3 லட்சம் ரூபாய் வரை கடன், 25 சதவீத மானியம், அதிகபட்சம் 50,000 ரூபாய். வயது 35 ஆகியிருக்க வேண்டும். படித்து வேறு வேலைக்குப் போக வேண்டிய வயதில் யாரும் குலத்தொழிலுக்குள் தள்ளப்படக் கூடாது என்பது அதன் காரணம்.

35-க்குக் கீழே இருப்பவர்களுக்கு? முத்ரா கடன், பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம், பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கான அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் ஆகியவற்றைப் பற்றி விசாரிக்கலாம். வரம்புகளும் மானியமும் அவ்வப்போது மாறும். சேலத்திலும் நாமக்கல்லிலும் உள்ள மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுவிட்டுத் திட்டமிடுங்க. சேவைத் தொழிலில் ஆண்டு வருமானம் 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம் என்பதையும் மறக்க வேண்டாம்.

அப்போ இறங்கலாமா?

இறங்கும் முன் மூணு விஷயம் செய்து பாருங்க.

ஒன்று, மெஷின் கேட்டலாக் பார்ப்பதற்கு முன் மூணு மாதம் ஏதாவது ஒரு லாண்டரியில் சம்பளத்துக்கு வேலை செய்யுங்க. நிற்க முடிகிறதா, வாசனை ஒத்துக்கொள்கிறதா, வாடிக்கையாளர் கோபத்தைத் தாங்க முடிகிறதா என்று முதல் வாரத்திலேயே ஓரளவு தெரிந்துவிடும்.

ரெண்டு, தண்ணீர், கழிவுநீர், மூணு ஃபேஸ் கரண்ட் மூன்றும் உறுதியானால் மட்டும் இடத்தை எடுங்க. மெயின் ரோட்டுக் கடை தேவையில்லை. வேலை நடப்பது பின் தெருவில் இருக்கலாம், துணி வாங்கும் இடம் மட்டும் கண்ணில் பட்டால் போதும்.

மூணு, கறை எடுக்கத் தெரிந்த ஒரு அனுபவசாலியைக் கண்டுபிடியுங்க. அவரைக் கூலிக்கு வைப்பதா, கூட்டாளி ஆக்குவதா என்பது உங்க முடிவு. ஆனால் பட்டுச் சேலையில் கறை விழுந்த அன்றைக்கு கடையைக் காப்பாற்றப் போவது உங்க ஆப் இல்லை, அவர் கைதான். லாபத்தில் பங்கு கேட்க அவருக்கு உரிமை இருக்கு.

சலவைக் குடும்பத்தில் பிறந்து, படித்துவிட்டு வேறு வேலை தேடுகிறீர்களா? தாராளமாகப் போங்க, யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. இந்தத் தொழிலிலேயே நிற்க முடிவு செய்தாலும் தலை நிமிர்ந்து நில்லுங்க. வெளியிலிருந்து வருபவர் மூணு மாதம் சம்பளத்துக்கு நின்று கற்க வேண்டியதை உங்க அப்பாவும் அம்மாவும் ஏற்கெனவே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பேங்க் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் 'அனுபவம்' என்ற கட்டத்தில் அதைத் தயங்காமல் எழுதுங்க.

தொழில் முனைவோராக வராமல் வாடிக்கையாளராக மட்டும் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கு. அடுத்த முறை துணி கொடுக்கும்போது பேரம் பேசும் முன், அந்த ஒரு உருப்படிக்கு ஐந்து நிமிஷம் ஆகும் என்பதை நினைச்சுப் பாருங்க. அவர் பெயர் தெரியுமா என்றும் யோசிச்சுப் பாருங்க. தெரிந்தால், பின்னால் ஒரு 'அண்ணா' அல்லது 'அக்கா' சேர்த்துக் கூப்பிடுங்க.